பிடியரிசி டின்மேல் உட்கார்ந்தவன்

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களின் கதைகளெல்லாம் பன்னீர் தெளித்தாற்போல் இருக்கும். ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது கூரையில் வெளிச்சத்தைக் கண்டிருப்பார். இன்னொருவர் கப்பலில் வரும்போது ஜெபித்தே புயலை அடக்கியிருப்பார். நானும் ஆண்டவரின் அழைப்பைக் கேட்டவன்தான். ஆனால் என் சாட்சியில் பெலாச்சான் என்கிற இறால் விழுதின் நாற்றம் அடிக்கும். அதனால்தான் இத்தனை வருஷமாக யாரும் என்னை எழுப்பிச் சொல்லச் சொன்னதில்லை. போகட்டும், எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒரு வசதி: யாரும் பாதியில் குறுக்கிட்டு ‘ஜெபம் செய்வோம்’ என்று சொல்லி உட்காரவைக்க முடியாது.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம். நான் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தேன். மலாக்கா டவுனின் கால்வாய்களில் எவை தூர்வாரப்பட்டன, எவை வாரப்படவில்லை என்று எழுதிவைக்கும் கிராணி உத்தியோகம். தூர்வாருகிற ஆட்களில் பாதிப்பேரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப் போய்விட்டார்கள். கால்வாய்களில் தண்ணீர் ஓடவில்லை; என் பேனா மட்டும் தடையில்லாமல் ஓடியது. காலையில் ஆபீஸ் வாசலில் இடுப்பை வளைத்து ஜப்பான்காரனுக்கு ஒரு கும்பிடு. அந்த மூன்று வருஷத்தில் என் முதுகு கற்றுக்கொண்ட பணிவைப் பார்த்தால் ஆண்டவருக்கே பொறாமை வந்திருக்கும்.

மனைவியையும் மகளையும் செங் கிராமத்தில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே மரவள்ளியாவது நட்டிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். அந்த வருஷம் எங்கள் ஜெபவீட்டை விறகு அடுக்கும் கொட்டகையாக எடுத்துக்கொண்டார்கள். போதகர் வேறு ஊருக்குப் போன இடத்தில் திரும்பிவரப் பாஸ் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஞாயிறு ஆராதனை என் வீட்டு முன்கூடத்துக்கு வந்தது. மேசை நாற்காலிகளையெல்லாம் விற்றுத் தின்றுவிட்டிருந்ததால் கூடம் காலியாக இருந்தது. அதைச் சபையார் என் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

ஆராதனையோடு கூடவே பிடியரிசி சேர்க்கும் பெரிய பிஸ்கட் டின்னும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம் அது. வீட்டுப் பெண் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பையில் முடிந்து கொண்டுவந்து, கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, சபை டின்னில் கொட்டுவாள். அறுப்பின் பண்டிகைக்கு அந்த அரிசியைப் பொங்கி எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குப் பெயர் அசனம். நல்ல காலத்தில் அழகான பழக்கம். கெட்ட காலத்தில் என்ன ஆனது என்றால், கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சம் அரிசியிலும் ஒரு பிடியைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து டின்னில் போட்டுவிட்டு, பிள்ளைக்கு மரவள்ளிக் கிழங்கை மசித்துக் கொடுத்தார்கள். ஊரே கிழங்கு தின்றது. எங்கள் டின் மட்டும் கொழுத்தது. ஆண்டவர் பட்டினி கிடந்துவிடுவார் என்று எங்களுக்கு அவ்வளவு கவலை.

கவலைப்பட்டவர்களில் முதல் ஆள் டிரெஸ்ஸர். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு ஓய்வுபெற்றவர், சபையின் மூத்த மூப்பர். ஆண்டவரைப் பற்றிப் பேசும்போது, தம் பழைய வார்டுக்கு அவர் மேலதிகாரியாக இருந்ததுபோலப் பேசுவார். சந்தோஷமாக இருந்தால் என்னைத் ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் ‘மிஸ்டர்’. இரண்டாம் ஆள் வாத்தியார். முன்பு இங்கிலீஷ் கற்பித்தவர், இப்போது ஜப்பான் பாஷை கற்பித்தார். பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தார். சில நாளில் அதுவும் இல்லை. மூன்றாவது மூப்பர் நான். மூன்று பேரிலும் மட்டம் யார் என்று சொல்லவேண்டியதில்லை. டின் என் வீட்டில் இருந்தது. நான் அதைத் திருடித் தின்றுகொண்டிருந்தேன்.

முதல் நாள் ஒரு பிடிதான். ருசி பார்க்க. கொட்டுகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுகிற ஒரு டின்னில் திருடுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. மத்தியானம் ஆபீசிலிருந்து வந்து, கதவு ஜன்னலைச் சாத்தி, கைப்பிடி அரிசியை உலையில் போடுவேன். சோறு வேகும் வாசம் வெளியே போகாமலிருக்க அடுப்பில் ஒரு துண்டு பெலாச்சான் சுடுவேன். அந்த நாற்றத்துக்குள் வேறு எதுவும் தலைகாட்டாது என்பது என் கணக்கு. அந்த நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன்னால் தவறாமல் ஸ்தோத்திரம் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது. திருடினதுகூடப் பரவாயில்லை.

ஒரு ஞாயிறு பிரசங்கம் என் முறை. கடலோரத்தில் வலையைப் போட்டது போட்டபடி எழுந்துபோன மீனவர்களைப் பற்றிப் பேசினேன். “அழைப்பு வந்த நிமிஷமே எழுந்திருக்கவேண்டும்! அடுப்பில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கக்கூடாது!” என்று சுவரைத் தட்டினேன். வாத்தியாருக்குக் கண் கலங்கியது. டிரெஸ்ஸர் என் தோளைத் தட்டி, “தம்பிக்கு வரம் இருக்குது” என்றார். எல்லாரும் போனதும் கதவைச் சாத்தினேன். பிரசங்கம் செய்தால் பசி அதிகம். அன்றைக்கு இரண்டு பிடி.

சோறு வெந்து கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டப்பட்டது.

பின்பக்கக் கால்வாய்க்கு அந்தப்புறம், தமிழ் மறந்து மலாய் பேசும் சிட்டி வீட்டுக்காரர்களின் மதிலை ஒட்டி ஒரு சாய்ப்பு இருந்தது. அதில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் இருந்தாள். புருஷனைச் சயாமுக்குப் பிடித்துப்போன பிறகு, வயிற்றில் பிள்ளையோடு டவுனுக்கு வந்தவள். பரிதாபப்பட்டு இடம் கொடுத்த சிட்டி வீட்டு அம்மாளும் தன்னைப்போல் சாமி கும்பிடுகிறவராச்சே என்று இவள் தமிழில் பேச, அவர் மலாயில் பதில் சொல்ல, இருவருக்கும் எப்படியோ காலம் போனது. பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் அவள்தான், தோளில் அந்தப் பிள்ளையோடு, கையில் ஒரு தகரக் குவளையோடு.

“கிராணி ஐயா, சோறு வேணாம். வடிச்ச கஞ்சி இருக்குமே, அது மட்டும் ஊத்துங்க. கிழங்கையே தின்னு தின்னு மாரு வத்திப் போச்சு. புள்ள சப்புது, ஒண்ணும் வரல.”

“சோறா? என்ன சோறு? பெலாச்சான் சுடுறேன்” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பெலாச்சான் சுட்டா சோத்து வாசம் போயிருமா ஐயா? ஒரு மாசமா இந்த வாசத்த மோந்துக்கிட்டுத்தான படுத்திருக்கேன். இன்னக்கி வெக்கத்த விட்டுட்டு வந்துட்டேன்.”

அப்போது என் மனசில் இரக்கம் சுரந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சுரக்கவில்லை. இவள் வெளியே சொல்லிவிடுவாளோ என்ற பயம் மட்டும்தான் வந்தது. குவளை நிறையக் கஞ்சி ஊற்றினேன். வாயை அடைக்க மேலே ஒரு கரண்டி சோறும் போட்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். என் சீஷத்துவம் இப்படியாக லஞ்சத்தில் தொடங்கியது.

மறுநாளும் அதே நேரம் வந்தாள். அதற்கு மறுநாளும். சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை மிரட்டியதில்லை. அப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஆசை மிகுந்து, கஞ்சியில் தண்ணீரைக் கலந்து ஊற்றிவிட்டேன். குவளையை எட்டிப் பார்த்து, “என்னய்யா, இன்னக்கி மழை உங்க சட்டிக்குள்ளயா பேஞ்சுச்சு?” என்றாள். திட்டுகூட இல்லை. அடுத்த நாள் கலக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளையின் அழுகை மாறியது. முன்பெல்லாம் கதவு கீச்சிடுவதுபோல ஒரு சத்தம். இப்போது நியாயம் கேட்கிற அழுகை. “பாலு ஊறுதுய்யா. ஆனா சீக்கிரமா வத்திருது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓடுச்சுன்னா புள்ள தேறிரும்” என்று சொல்லி, சேலையைச் சரிசெய்துகொள்ளப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆபீஸ் சட்டையில் மூத்திரம் பெய்தது. இருந்த ஒரே சட்டை.

அதன் பிறகு எப்படியோ பங்கு மாறிவிட்டது. எனக்குச் சோறு, அவளுக்குக் கஞ்சி என்றிருந்தது, அவளுக்குச் சோறும் கஞ்சியும், எனக்குக் கிழங்கு என்று ஆனது. உடனே எனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. திருட்டு அரிசியைத் தானம் செய்துவிட்டுக் கண்ணாடியில் தலைசீவும்போது தலையைச் சுற்றி வட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இவ்வளவு மலிவான பரிசுத்தவானை மலாக்கா கண்டிருக்காது.

டின் பாதிக்குக் கீழே இறங்கியது. பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை டிரெஸ்ஸரும் வாத்தியாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அசனத்தைப் பற்றி யோசனை. கிழங்கு கலக்காத வெள்ளைச் சோறு போடவேண்டும், பார்க்கிறவர்கள் பார்த்து ஆண்டவரை மகிமைப்படுத்தவேண்டும் என்றார் டிரெஸ்ஸர். ஊர் முழுவதும் பசித்திருக்கும்போது வெள்ளைச் சோறு தின்பது எப்படிச் சாட்சி ஆகும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

“டிரெஸ்ஸர் ஐயா, பின்னால ஒரு பொம்பள இருக்கு. கைப்புள்ளக்காரி. அரிசிக் கஞ்சி இல்லாட்டிப் பால் நின்னுரும். டின்னுலேருந்து கொஞ்சம் எடுத்து...”

“சபைக்காரியா?”

“இல்ல. சாமி கும்பிடுறவ.”

டிரெஸ்ஸர் பெருமூச்சு விட்டார். வாத்தியாரும் விட்டார். “பிடியரிசி ஆண்டவருக்கு நேர்ந்ததாச்சே தம்பி” என்றார் வாத்தியார். “நாம யாரு அதைத் தொட?”

நான் யார் அதைத் தொட!

“பாவம், கஷ்டந்தான். ஜெபிக்கலாம்” என்றார் டிரெஸ்ஸர். ஜெபித்தோம். அந்த ஏழைத் தாய்க்கு ஆண்டவர் எங்கிருந்தாவது அரிசி அனுப்பவேண்டும் என்று டிரெஸ்ஸர் உருக்கமாக மன்றாடினார். மன்றாடும்போது அவர் முழங்கால் டின்னில் இடித்துக்கொண்டிருந்தது. ஆமென் சொல்லி எழுந்ததும், “நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் டின்னை என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம் தம்பி. இங்க எலித் தொல்லை இருக்கும்” என்றார். எலி தலையாட்டியது.

டின் போனால் அரிசி போகும். அரிசி போனால் கஞ்சி போகும். பிள்ளை மறுபடியும் கதவு கீச்சிடுவதுபோல அழும். இது ஒரு பக்கம். டின்னைத் தூக்கினால் எடை காட்டிக்கொடுத்துவிடும். என் மானம் போகும். இது இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தைப் பற்றி முதலில் கவலைப்பட்டேன் என்று கேட்காதீர்கள். அன்று சாயங்காலம் காய்ந்த மரவள்ளியைக் கத்தியால் அரிசி அரிசியாக நறுக்க ஆரம்பித்தேன். டின்னின் அடியில் கொட்டி, மேலே அரிசியைப் பரப்பலாம் என்று திட்டம். விரலை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, விளக்கில் எண்ணெய் தீருவதற்குள் ஒரு உள்ளங்கை அளவு செய்தேன். அதிலும் பாதி, அரிசி மாதிரி இல்லை. பல் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நீண்டுகொண்டே போனது. டிரெஸ்ஸர் அசனத்தைப் பற்றிப் பேசினார், பிறகு பேசியதை ஜெபத்தில் ஒருமுறை ஆண்டவருக்கும் சொன்னார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டின் அவர் பக்கத்தில் இருந்தது. பெண்கள் அரிசி முடிந்த பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. எனக்கு மூடவில்லை. அதனால் அவள் வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். நேரம் ஆகிவிட்டதே, பின்கதவு சாத்தியிருக்கிறதே என்று சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கே வந்துவிட்டாள். தோளில் பிள்ளை, கையில் குவளை.

பிள்ளை ஒரு சத்தம் போட்டது. டிரெஸ்ஸர் கண்ணைத் திறந்தார். “யாரும்மா? என்ன வேணும்?”

அவள் கூடத்தைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“ஒண்ணுமில்லீங்க. தண்ணி கேக்கலாம்னு வந்தேன். அப்புறமா வாரேன்” என்று சொல்லிக் குவளையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

பசித்தவள் பொய் சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்காக. மலைமேல் இடி முழங்கவில்லை. யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனாலும் கூப்பிடப்பட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. சுவரைத் தட்டிப் பிரசங்கம் செய்தவன் என்ன செய்தேன்? உட்கார்ந்திருந்தேன். அவள் படியிறங்கினாள்; உட்கார்ந்திருந்தேன். வீட்டைச் சுற்றிப் போய்க் கால்வாய்ப் பலகையில் அவள் கால் வைக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான், ஏதோ கட்டெறும்பு கடித்தவன்போல எழுந்தேன்.

“அவ தண்ணி கேக்க வரல. கஞ்சி வாங்க வந்தா. தினமும் வாங்குறா. இந்த டின்னுலேருந்து” என்றேன்.

டிரெஸ்ஸருக்கு முதலில் விளங்கவில்லை. “எந்த டின்னு?”

“இந்த டின்னுதான். பாதிக்குக் கீழ போயிருச்சு.”

“அவ திருடினாளா?”

“நான் திருடினேன். மொதல்ல நானே தின்னேன். அப்புறந்தான் அவளுக்குக் குடுத்தேன்.”

“மொதல்ல நீயே தின்னியா?” என்றார் வாத்தியார். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. தருமத்துக்குத் திருடியிருந்தால் மன்னித்திருப்பார்போல.

“எவ்வளவு நாளா மிஸ்டர்?” என்றார் டிரெஸ்ஸர்.

“நீங்க எனக்கு வரம் இருக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் முந்தியே.”

கூடத்தில் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். டிரெஸ்ஸர் சிவந்துபோனார். அங்கேயே தீர்ப்பு சொன்னார்: மூப்பர் பதவி இல்லை, திருவிருந்து இல்லை, பிரசங்கம் கிடையவே கிடையாது. கடைசியாகச் சொன்னதற்கு நானே ஆமென் சொல்லியிருப்பேன். பிறகு மீதி அரிசியைத் தூக்கிக்கொண்டு போக டின் பக்கம் குனிந்தார்.

அவர் கை படுவதற்குள் நான் டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. என் வாழ்க்கையில் ஆண்டவருக்காக நான் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச்சொன்னால் இதைத்தான் சொல்லவேண்டும். அதைச் செய்த உறுப்பை அச்சில் எழுத முடியாது.

“எழுந்திரும் மிஸ்டர்.”

“மாட்டேன்.”

“அது ஆண்டவரோட அரிசி!”

“அவர் வந்து கேக்கட்டும், எழுந்திருக்கிறேன். உங்களுக்கு எழுந்திருக்கமாட்டேன்.”

வாத்தியார் என் தோளைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். நான் ஆடினேன், டின் ஆடியது, உள்ளே அரிசி சலசலத்தது. வேட்டி கட்டிய இரண்டு பெரிய மனுஷர்கள் ஞாயிற்றுக்கிழமை நடுக்கூடத்தில் ஒரு கிராணியைப் பிஸ்கட் டின்னிலிருந்து பிய்த்தெடுப்பது நன்றாக இருக்காது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கவேண்டும். “சாத்தானோட நமக்கென்ன பேச்சு” என்று சொல்லிவிட்டு டிரெஸ்ஸர் செருப்பைத் தேடினார். சபை அவர் பின்னால் எழுந்து போனது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப்போனார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள், நான் பிடுங்கித் தின்றுவிடுவேன் என்பதுபோல. நியாயமான பயம்.

டிரெஸ்ஸரின் சம்சாரம் மட்டும் போகவில்லை. சத்தமாகப் பேசி யாரும் கேட்டிராத மனுஷி. கையில் பையோடு என் முன்னால் நின்றார்.

“நகருங்க, கொட்டணும்.”

“மன்னிக்கணும்மா. எழுந்தா டிரெஸ்ஸர் திரும்பி வந்துருவாரு.”

“அப்ப நான் இதை எங்க கொட்டுறது? உங்க தலையிலயா?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், அடுக்களை வழியாகப் பின்கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்வாய்ப் பலகையில் நடந்துபோனார். வாசலில் டிரெஸ்ஸர் இரண்டுமுறை பேர் சொல்லிக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அந்தம்மாளுக்குக் கேட்கவில்லை. காலிப் பையை உதறிக்கொண்டு திரும்பி வந்தவர், என்னைத் தாண்டும்போது நிற்காமலே சொன்னார்: “அந்தப் புள்ளைக்குக் காதுல சீழ் இருக்கு. தினமும் பாத்தீங்களே, இது கண்ணுல படலியா?”

படவில்லை. நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசனம் நடந்தது. கிழங்குதான் போட்டார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. ஆராதனையை வாத்தியார் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் போனால் வாசல் பக்கம் உட்காரலாம், பாடலாம். வேறெதற்கும் வாய் திறக்கக்கூடாது. டின் என்னிடமே இருந்தது. யாரும் கேட்டு வரவில்லை. திருடனிடமிருந்து திரும்ப வாங்கிய அரிசியை ஆண்டவருக்கு எப்படிப் படைப்பது என்று அவர்களுக்குள் விவாதம் நடந்ததாகக் கேள்வி. விவாதம் முடிவதற்குள் அரிசியை முடித்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஜன்னலைத் திறந்துவைத்தே சமைத்தேன். அவளை என் வாசலுக்கு வரவிடாமல், நானே கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பலகையைக் கடந்து போனேன். பார்க்க அழகான காட்சி. யாராவது படம் எழுதியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு தின்ற வயிறோடு சூடான சோற்றைக் கையில் ஏந்தி இருபது அடி நடப்பது என்றால் என்னவென்று நடந்தவனுக்குத்தான் தெரியும். அந்த இருபது அடியில் ஒருநாள்கூட எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்ததில்லை. அந்தப் பிள்ளையை வெறுத்தேன். அதன் அம்மாவை வெறுத்தேன். சயாமில் கிடந்த அதன் அப்பனைக்கூட விடவில்லை. திட்டிக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். மறுநாள் மறுபடியும் போனேன். அதற்கு மேல் என் பக்தியில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பாதிப் பலகையில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்கி, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டு, என்னை உற்றுப் பார்த்தாள்.

“மீசைல ஒரு பருக்கை ஒட்டியிருக்குய்யா.”

தடவி எடுத்தேன். விரல் நுனியில் அந்தப் பருக்கை. வாயில் போடவும் முடியவில்லை, கால்வாயில் எறியவும் மனசில்லை. கிண்ணத்தை நீட்டினாள். போட்டேன்.